கால்நடைகளில் சினையறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினைப் பரிசோதனையின் முதன்மையான பயன் என்ன?

சினையாக இருக்கும் மாட்டைக் கண்டுபிடிப்பதே இதன் நோக்கம் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இத்துறையின் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்தால், அவற்றின் நோக்கம் ஏறத்தாழ நேர்மாறானது என்பது புரியும். சினையான மாட்டுக்கு நம்மிடமிருந்து அவசரமாக எதுவும் தேவையில்லை. அது தன் வழியில் கன்றைச் சுமந்துகொண்டிருக்கும். சினை நிற்காத மாட்டுக்குத்தான் கவனிப்பு உடனே தேவைப்படுகிறது. அது வெறுமையாக இருப்பது தெரியாமல் கழியும் ஒவ்வொரு 21 நாளும் ஒரு சினைப்பருவத்தை, அதாவது மாடு சினைக்குத் தயாராகும் ஒரு வாய்ப்பை, வீணாக்குகிறது.

கணக்கு எளியது. பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் கன்று ஈன்ற பிறகு ஏறத்தாழ 82 நாட்களுக்குள் அது மீண்டும் சினையாக வேண்டும். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கே அதில் 40 நாள் அளவுக்குப் போய்விடும். எஞ்சிய நாட்களில் இரண்டு பருவங்கள்தாம் கைக்கு எட்டும். மூன்றாம் மாதத்தில்தான் சினை பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த இரண்டும் போய், மேலும் இரண்டு போயிருக்கும். ஆகவே ஒரு புதிய பரிசோதனை முறையை மதிப்பிடும்போது, சினையில்லை என்பதை அது எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு உறுதியாகவும் சொல்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட 21ஆம் நாளில் மாடு பருவத்துக்கு வரவில்லை என்றால் அது சினை என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. பருவத்தின் தெளிவான அடையாளமாகிய, மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்கும் நிலை, பொதுவாக 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கிறது. அதிகப் பால் கறக்கும் மாடுகளில் இன்னும் குறுகியது. அது இரவில் நிகழ்ந்தாலோ, மாடு தனியாகக் கட்டிக் கிடந்தாலோ, வெளிக்குறி காட்டாத ஊமைப் பருவமாக இருந்தாலோ யார் கண்ணிலும் படாது. சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். தீவனக் குறைவால் பருவச் சுழற்சியே நின்றுபோயிருக்கலாம். சினை பிடித்து, கரு மூன்றாம் வாரத்தில் இறந்திருந்தால், அடுத்த பருவம் 30 அல்லது 35 நாள் கழித்துத்தான் வரும்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. சினையாக உள்ள பசுக்களில் நூற்றுக்குச் சில, சினைக் காலத்திலும் பருவக் குறி காட்டும். அவற்றுக்கு மீண்டும் சினை ஊசி போடக் கருவூட்டுக் குழலைக் கருப்பை வாய்க்குள் செலுத்தினால், உள்ளே இருக்கும் கரு கலைந்துவிடக்கூடும். முன்பே ஊசி போட்ட மாடு ‘பருவத்துக்கு வந்துவிட்டது’ என்று கூப்பிட்டாலும், ஆசனவாய் வழியாகக் கை விட்டுச் சினையா என்று பார்த்த பிறகே அனுபவமுள்ளவர் குழலை எடுப்பார்.

மனிதர்களுக்கான கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை மாட்டுச் சிறுநீரில் பயன்படுத்தினால் என்ன?

ஒரு பயனும் இல்லை. அந்தப் பட்டை கண்டறிவது மனிதக் கருவின் வெளிப்படலம் சுரக்கும் ஒரு ஹார்மோனை. ‘நான் இருக்கிறேன்’ என்று மனிதக் கரு தாயிடம் அந்த ஹார்மோனின் வழியாகச் சொல்கிறது. பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் கருவுக்கு அந்த மொழி தெரியாது; அவை வேறு வழியில் சொல்கின்றன. அந்த வேறு வழியைக் கண்டுபிடித்ததுதான் இத்துறை ஆராய்ச்சியின் சுவையான பகுதி என்பேன்.

பசுவின் சினைப்பையில், முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத் திசுக்கட்டி ஒன்று வளர்கிறது. இதற்கு கார்பஸ் லூட்டியம் என்று பெயர். இது சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் கருப்பையைச் சினைக்கு உகந்ததாக வைத்திருக்கிறது. கரு எதுவும் வரவில்லையென்றால், 16 அல்லது 17ஆம் நாளை ஒட்டிக் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை வெளியிட்டு இந்த மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும், புரோஜெஸ்டிரோன் சரியும், அடுத்த பருவம் வரும். கரு வாழ வேண்டுமானால் இந்த உத்தரவு பிறப்பதற்கு முன் அதைத் தடுத்தாக வேண்டும்.

அதற்காக அது செய்யும் வேலை வியப்பானது. 13ஆம் நாள் வாக்கில் சில மில்லிமீட்டரே இருக்கும் அந்தக் கரு, அடுத்த மூன்று நான்கு நாட்களில் நூல்போல் நீண்டு 10 சென்டிமீட்டரையும் தாண்டிவிடுகிறது. கருப்பையின் உட்சுவரை முடிந்த அளவுக்குத் தொட்டுக்கொண்டே இன்டர்பெரான் டாவ் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. வைரஸை எதிர்க்கும் இன்டர்பெரான் குடும்பத்தைச் சேர்ந்த புரதம் இங்கே சினையை அறிவிக்கும் தூதாக வேலை செய்கிறது. கருப்பை புரோஸ்டாகிளாண்டினை வெளியிடும் போக்கு அதனால் அடங்கி, மஞ்சள் கட்டி பிழைக்கிறது. வளர்ச்சி குன்றி, நீளாமல் போன கரு, உயிரோடு இருந்தாலும் உரிய நாளில் செய்தி சொல்ல முடியாமல் அழிகிறது.

பாலில் புரோஜெஸ்டிரோன் பார்க்கும் சோதனை எதைச் சொல்கிறது?

பாலில் இந்த ஹார்மோனின் அளவு பருவச் சுழற்சியோடு ஏறி இறங்குவதை லேயிங், ஹீப் ஆகிய ஆய்வாளர்கள் 1971இல் காட்டினார்கள். ஊசி போட்ட 21 முதல் 24ஆம் நாளுக்குள் எடுத்த பாலில் புரோஜெஸ்டிரோன் குறைவாக இருந்தால், மஞ்சள் கட்டி கரைந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் கட்டி இல்லாமல் சினை இருக்க முடியாது. ஆகவே ‘சினையில்லை’ என்ற விடையை ஏறத்தாழ முழுமையாக நம்பலாம்.

அளவு அதிகமாக இருந்தால் கதை வேறு. மஞ்சள் கட்டி இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதை யார் காப்பாற்றினார்கள் என்பதைச் சொல்லவில்லை. கருப்பையில் சீழ் கட்டியிருந்தாலும் மஞ்சள் கட்டி கரையாது. பருவமே இல்லாத நாளில் தவறாக ஊசி போட்டிருந்தால், 21ஆம் நாள் என்று நாம் எண்ணும் நாள் மாட்டின் சுழற்சியில் நடுநாளாக இருக்கும். இவற்றோடு, பின்னால் இறந்துபோகும் கருக்களையும் சேர்த்தால், ‘சினை’ என்ற விடை நான்கு ஐந்துக்கு ஒன்று பொய்த்துப் போவது இயல்பே. இந்தச் சோதனையைச் சினையறியும் சோதனை என்று அழைப்பதே பொருத்தமில்லை. வெறுமையை அறியும் சோதனை என்றால் அதன் தகுதி சரியாக விளங்கும்.

கை விட்டுப் பார்க்கும்போது மருத்துவர் உள்ளே எதைத் தொடுகிறார்?

ஆசனவாய் வழியாகக் கையைச் செலுத்தி, குடல் சுவரின் ஊடாகக் கீழே உள்ள கருப்பையைத் தடவிப் பார்ப்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள முறை. தேர்ந்த கைக்கு 35 நாள் சினை பிடிபடும்; சற்றுக் குறைந்த பழக்கம் உள்ளவருக்கு 45 முதல் 60 நாள் ஆக வேண்டும்.

‘கருப்பை பெரிதாக இருக்கிறது’ என்பது மட்டும் சினைக்குச் சான்றாகாது. சீழோ நீரோ தேங்கினாலும் கருப்பை பெருக்கும். சான்று என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை நான்கே: கருச்சவ்வு வழுக்குவது, பனிக்குடம் தட்டுப்படுவது, நஞ்சுக்கொடி முடிச்சுகள் (நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரோடு இணையும் புடைப்புகள்) தட்டுப்படுவது, கன்றே தட்டுப்படுவது. இவற்றில் முதலாவதைக் கற்றுக்கொள்வதற்குத்தான் மாணவர்களுக்கு நாள் பிடிக்கும். கருப்பையின் ஒரு கொம்பை, அதாவது அதன் இரு கிளைகளில் ஒன்றை, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மெல்லக் கிள்ளித் தூக்கி விரல்களைத் தளர்த்தினால், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு முதலில் நழுவிப் போகும். அதற்குப் பின்தான் கருப்பைச் சுவர் நழுவும். உள்துணி வைத்துத் தைத்த ஆடையை விரலிடுக்கில் பிடித்து விட்டால் முதலில் ஓர் அடுக்கும் அப்புறம் மற்றோர் அடுக்கும் வழுக்குவதுபோல் இருக்கும். கண்ணால் காட்டிக் கொடுக்க முடியாத பாடம் இது. கையுறை போட்ட விரல் தானே ஒருநாள் உணர வேண்டும்.

அதன் பிறகு வயதைச் சொல்வது எளிது. இரண்டு மாதக் கன்று சுண்டெலி அளவு, மூன்று மாதத்தில் பெரிய எலி அளவு, நான்கு மாதத்தில் சிறு பூனை அளவு என்று வகுப்பறைகளில் சொல்லித் தருவார்கள். ஏறத்தாழ 75 நாளுக்குப் பின் நஞ்சுக்கொடி முடிச்சுகள் கையில் தட்டுப்படும். மூன்றரை நான்கு மாதத்தில் கருப்பைக்குப் போகும் தமனியில் சாதாரண நாடித் துடிப்புக்குப் பதிலாக ‘விர்’ரென்ற ஓர் அதிர்வு தொடங்கும். ஐந்து ஆறு மாதங்களில் கன்று வயிற்றின் அடிக்கு இறங்கிக் கைக்கு எட்டாமல் போகும்போது, இந்த அதிர்வும் முடிச்சுகளுமே துணை.

அப்படிக் கை விட்டுப் பார்ப்பதால் கரு கலையாதா?

நியாயமான அச்சம்தான், ஆனால் அளவுக்கு மீறிப் பரவிய அச்சம். சினை என்று ஸ்கேன் மூலம் முன்பே உறுதி செய்த பசுக்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் கை விட்டுப் பார்த்து, பிறகு இரண்டிலும் கரு இழப்பை ஒப்பிட்ட ஆய்வுகள் உள்ளன. பழகிய கையால் முறையாகச் செய்யும்போது இழப்பு கூடுவதாக அவற்றில் தெரியவில்லை. பரிசோதனைக்குப் பிறகு கலைந்த சினைகளில் பெரும்பாலானவை, பரிசோதிக்காமல் விட்டிருந்தாலும் அந்த நாட்களில் கலைந்திருக்கக்கூடியவை. பனிக்குடத்தை அழுத்திப் பிடிப்பது மட்டும் தவறு. அது கருவைக் கொல்லும்.

ஸ்கேன் எத்தனையாவது நாளில் செய்யலாம்? அதில் என்ன கூடுதலாகத் தெரியும்?

பசுவில் 28 முதல் 30ஆம் நாளிலிருந்து நம்பிக்கையோடு செய்யலாம். ஆசனவாய் வழியாக உள்ளே கொண்டுசெல்லும் உணர்கருவி 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலியலைகளை அனுப்பித் திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறது. நீர்மம் எதிரொலிப்பதில்லை என்பதால் திரையில் அது கருப்பாகத் தெரியும். 28ஆம் நாள் சினையில், கருமையான ஒரு குளத்தின் ஓரத்தில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளமுள்ள சாம்பல் நிறத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அதன் நடுவில் ஒரு புள்ளி விடாமல் மினுக்கிக்கொண்டிருக்கும். அதுதான் இதயம். முதன்முறை பார்ப்பவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கச் சிறிது நேரமாகும்.

கருவுக்கு உயிர் இருக்கிறதா என்பதை அந்த நொடியிலேயே சொல்ல முடிவது ஸ்கேனின் தனிச்சிறப்பு. வேறு எந்தக் களப் பரிசோதனைக்கும் இது இந்த அளவுக்குக் கைவராது. இரட்டைக் கரு உள்ளதா என்பதும் தெரியும். 55 முதல் 70 நாளுக்குள் பிறப்புறுப்பு மொட்டு எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துக் காளையா கிடேரியா என்றும் சொல்லலாம். தொப்புள் கொடியை நோக்கிப் போனால் காளை, வால் பக்கம் போனால் கிடேரி. ஒலியலையைக் கொண்டு செம்மறியாடுகளில் சினையறிவதைப் பற்றி லிண்டால் 1966இலேயே எழுதினார். பெரிய கால்நடைகளில் ஆசனவாய் வழி ஸ்கேனுக்கு முதலில் வழிகாட்டியது குதிரை. பால்மர், டிரியங்கூர் ஆகியோரின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகே அது பசுக்களிலும் பரவியது.

இரத்தத்திலோ பாலிலோ சினைப் புரதம் பார்க்கும் சோதனை நம்பத்தக்கதா?

நம்பத்தக்கது, நாட்கணக்கு சரியாக இருந்தால். பசுவின் நஞ்சுக்கொடியில் இரண்டு உட்கரு கொண்ட தனிவகைச் செல்கள் உள்ளன. அவை தாயின் திசுவோடு இணைந்து சில கிளைக்கோபுரதங்களை (சர்க்கரை இணைந்த புரதங்களை)த் தாயின் இரத்தத்தில் கொட்டுகின்றன. பட்லர், சாசர் உள்ளிட்ட குழு 1982இல் இவற்றில் ஒன்றைப் பிரித்துக் காட்டியது. அதுமுதல் இந்தப் புரதக் குடும்பத்தைச் சுற்றியே வணிகச் சோதனைகள் வளர்ந்துள்ளன. புரோஜெஸ்டிரோன் தாயின் சினைப்பையிலிருந்து வருவது. சினை இல்லாத மாட்டிலும் இருப்பது. இந்தப் புரதமோ நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. எனவே இது இருந்தால், கரு இருக்கிறது அல்லது அண்மைவரை இருந்தது.

அந்த ‘அண்மைவரை’ என்ற சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. இந்தப் புரதம் இரத்தத்திலிருந்து மெல்லத்தான் மறைகிறது. கன்று ஈன்ற பிறகு, முந்தைய சினையின் மிச்சம் இரண்டு மாதத்துக்கும் மேல் தென்படலாம். அதனால்தான் ஊசி போட்டு 28 நாளும், கன்று ஈன்று 60 நாளும் ஆன பிறகே இரத்தமோ பாலோ எடுக்கும்படி சோதனைப் பெட்டிகளில் பொதுவாகக் குறித்திருப்பார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மாதிரி அனுப்புவது களத்தில் அடிக்கடி நிகழும் பிழை. ஈன்ற 30ஆம் நாளில் ஊசி போட்டு, அதன் 28ஆம் நாளில் இரத்தம் எடுத்தால், வரும் விடை புதுச்சினையைப் பற்றியதா பழைய கன்றைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. கரு இறந்த மாட்டிலும் சில நாட்கள் வரை ‘சினை’ என்றே வரும்.

பாலில் இதன் அளவு இரத்தத்தைவிட மிகக் குறைவு. சினையின் இரண்டாம் மாதம் முடியும் தறுவாயில் அது மேலும் தணிந்து பின்னர் ஏறும். அந்த நாட்களில் எடுத்த பாலில் ‘ஐயம், மறுபடி பார்க்கவும்’ என்ற விடை கூடுதலாக வருவதற்குக் காரணம் இது.

‘துல்லியம் 95 விழுக்காடு’ என்று போட்டிருந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. சினையான மாடுகளில் எத்தனையைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது ஓர் எண். சினையற்ற மாடுகளில் எத்தனையைச் சரியாக விலக்குகிறது என்பது வேறோர் எண். முதலாவது 95, இரண்டாவது 90 என்று வைத்துக்கொள்வோம். 200 மாடுகள் உள்ள பண்ணையில் 100 சினை, 100 வெறுமை. சினையில் 95 பிடிபடும், 5 தப்பும். வெறுமையில் 90 சரியாக விலகும், 10 தவறாகச் சினை எனப்படும். அதாவது ‘சினை’ என்று வந்த 105இல் 95 உண்மை. ‘சினையில்லை’ என்று வந்த 95இல் 90 உண்மை.

அதே சோதனையை, 60 மாடுகளுக்கு மட்டுமே சினை நின்ற இன்னொரு 200 மாட்டுப் பண்ணையில் செய்து பாருங்கள். ‘சினை’ என்று 71 மாடுகள் வரும். அவற்றில் 57தான் உண்மை. ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று பொய். சோதனை மாறவில்லை; மந்தை மாறியது, நம்பகமும் மாறியது. சினை பிடிப்பு நன்றாக உள்ள ஆய்வுப் பண்ணையில் கிடைத்த முடிவு, சினை பிடிப்பு மோசமான பண்ணையில் அப்படியே பலிக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

இரண்டு வகைப் பிழைகளுக்கும் விலை ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வெறும் மாட்டைச் சினை என்று விட்டால் சில வாரங்கள் வீணாகும். சினை மாட்டை வெறுமை என்று சொல்லி, பருவத்தைத் தூண்டப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், மஞ்சள் கட்டி கரைந்து கரு கலையும். முதல் பண்ணையில் தப்பிய அந்த 5 மாடுகளின் கதி அதுதான். பசுவில் ஏறத்தாழ ஐந்து மாதம் வரையிலான சினையை இந்த மருந்து தனித்தே கலைத்துவிடும். எனவே ‘சினையில்லை’ என்ற விடையை நம்பி மருந்து போடுவதாக இருந்தால், சினையைத் தவறவிடாத சோதனையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொரு எண் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை.

ஒருமுறை ‘சினை’ என்று உறுதியான பிறகு மீண்டும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். முந்திப் பார்த்த மாட்டுக்கு இது இன்னும் கட்டாயம். பசுவில் முட்டை கருவுறுவது பத்துக்கு எட்டு ஒன்பது முறை நடந்துவிடுகிறது. கன்றாகக் கைக்கு வருவதோ பத்துக்கு நான்கைந்தே. அதிகப் பால் கறக்கும் மாடுகளில் அதனினும் குறைவு. இடையில் போனவற்றில் பெரும்பகுதி, முன்பு சொன்ன 16, 17ஆம் நாளுக்கு முன்பே, யாரும் அறியாமல் போய்விடுகிறது. கடும் வெப்பம் அதற்கு ஒரு காரணம். கருவுற்ற முதல் மூன்று நாட்களில்தான் கருவால் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்க முடிகிறது என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த ஒன்று. அதன் பிறகும் 28ஆம் நாளுக்கும் 60ஆம் நாளுக்கும் இடையே ஏறத்தாழ பத்தில் ஒரு சினை கலைகிறது.

28ஆம் நாளில் ஸ்கேன் செய்து ‘சினை’ என்ற மருத்துவரைப் பார்த்து 70ஆம் நாளில் ‘தவறாகச் சொல்லிவிட்டீர்கள்’ என்று குறைப்படுவது, பல நேரங்களில், சரியாகச் சொன்னவரைக் குறைசொல்வதாகவே முடிகிறது. அன்று சினை இருந்தது. முன்னதாகப் பார்க்கும் முறைகள் வளர வளர இந்தக் குறைகூறலும் கூடத்தான் செய்யும். 30ஆம் நாளை ஒட்டி ஒருமுறை, 60 முதல் 75 நாளுக்குள் ஒருமுறை, பால் வற்ற வைப்பதற்கு முன் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆடுகளில் எப்படிப் பார்ப்பது?

கை விட்டுப் பார்க்க இயலாது என்பதால் வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேனே சிறந்தது. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதில் 45 முதல் 90 நாள் வரை குட்டிகளை எண்ணுவதற்கு உகந்த காலம். அதற்குப் பின் குட்டிகள் பெரிதாகி ஒன்றையொன்று மறைப்பதால் எண்ணிக்கை தவறும். எண்ணுவதில் பயன் உண்டு: இரட்டை, மூன்று குட்டி சுமக்கும் செம்மறிக்குக் கடைசி ஆறு வாரங்களில் தீவனம் போதாவிட்டால் சினை நச்சு நோய் வந்து தாயும் குட்டிகளும் சாகும், அவற்றைத் தனியே பிரித்து ஊட்டமாகத் தீவனம் கொடுக்கலாம்.

வெள்ளாட்டில் ஒரு விசேடம் உண்டு, பொய்ச்சினை. கரு எதுவும் இல்லாமலே மஞ்சள் கட்டி கரையாமல் நின்று, கருப்பையில் நீர் கோத்து, வயிறும் பெருக்கும். பருவமும் வராது. புரோஜெஸ்டிரோன் சோதனை ‘சினை’ என்றே சொல்லும். ஒருநாள் அந்த நீர் முழுவதும் கொட்டிவிடும், குட்டி இருக்காது. ஸ்கேனில் கருமையான நீர்மத்தினிடையே குட்டியோ நஞ்சுக்கொடி முடிச்சுகளோ இல்லை என்பதைக் கொண்டு இதை இனம் காணலாம். வெள்ளாட்டின் சினை கடைசிவரை மஞ்சள் கட்டியையே நம்பியிருப்பதால், புரோஸ்டாகிளாண்டின் விஷயத்தில் எந்த மாதத்திலும் எச்சரிக்கை வேண்டும்.

கருவியே இல்லாத மந்தையில், கிடாவின் மார்பில் சாயம் பூசி விடுவது ஒரு நல்ல உத்தி. செம்மறியின் பருவச் சுழற்சி 17 நாள் என்பதால், அந்தக் கால இடைவெளியில் சாயத்தின் நிறத்தை மாற்றினால், இரண்டாம் நிறம் படாத ஆடுகள் பெரும்பாலும் சினையாகியிருக்கும்.

எருமை, பன்றி, குதிரை ஆகியவற்றுக்கும் இதே முறைகளா?

எருமைக்குப் பெரும்பாலும் பசுவின் முறைகளே பொருந்தும். ஊமைப் பருவம் அதிகம் என்பதாலும், குளிர்ந்த இரவு நேரத்தில் பருவக் குறி காட்டுவதாலும், பருவம் திரும்பவில்லை என்பதை மட்டும் நம்பினால் எருமையில் ஏமாற்றம் அதிகம். சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள். பசுவின் கணக்கை வைத்து ஈற்று நாளைக் குறித்தால் ஒரு மாதம் பிழை வரும்.

பன்றிக் கரு தாயிடம் பேசுவது ஈஸ்ட்ரோஜன் வழியாக, 11 அல்லது 12ஆம் நாளில். குறைந்தது நான்கு கருவாவது இல்லாவிட்டால் அந்தக் குரல் கேட்காமல் சினை நிற்பதில்லை. சினைக்காலம் 114 நாள்; வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் செய்ய 24 முதல் 28 நாள் ஏற்றது.

குதிரையில் அவசரம் கூடுதல். கரு 16ஆம் நாள் வரை கருப்பைக்குள் உருண்டு திரிந்துகொண்டே இருக்கும். அப்படித் திரிவதுதான் தாய்க்கு அது தரும் செய்தி. இரட்டைக் கரு குதிரையில் பெரும்பாலும் இரண்டையும் இழப்பதில் முடிவதால், 14 முதல் 16ஆம் நாளுக்குள் ஸ்கேன் செய்து, இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கிவிடுவார்கள். கோல், ஹார்ட் ஆகியோர் 1930இல் கண்டறிந்த ஒரு குதிரை ஹார்மோனை 40 முதல் 120 நாள் வரை இரத்தத்தில் பார்க்கலாம். ஆனால் அதைச் சுரக்கும் செல் கொத்துகள் கருப்பைச் சுவரில் வேரூன்றிவிடுவதால், கரு இறந்த பிறகும் அவை சுரந்துகொண்டே இருக்கும்.

சிறுநீரில் தானியத்தை முளைக்கவைத்துப் பார்ப்பது, பேரியம் குளோரைடு சேர்ப்பது போன்றவை பலிக்குமா?

பெண்ணின் சிறுநீரைத் தானியத்தில் ஊற்றி முளைப்பதைப் பார்க்கும் வழக்கம் பழைய எகிப்தியப் பாப்பிரஸ் ஏடுகளிலேயே இருக்கிறது. மாட்டில் இது தலைகீழ்: நீரில் கரைத்த சினை மாட்டுச் சிறுநீர் விதை முளைப்பதைத் தடுக்கும் என்பது கருத்து. சிறுநீரில் 1 விழுக்காட்டுப் பேரியம் குளோரைடு கரைசலின் சில துளிகளைச் சேர்த்தால், சினையற்ற மாட்டின் சிறுநீர் வெள்ளையாகத் திரியும், சினை மாட்டினுடையது தெளிவாக நிற்கும் என்பது மற்றொன்று. செலவில்லாதவை என்பதால் இவற்றைப் பற்றி ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன. முடிவுகள்தாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. மாடு குடித்த தண்ணீரின் அளவும் தின்ற தீவனமும் சிறுநீரின் செறிவை மாற்றும்போது, இத்தகைய சோதனை அலைபாய்வதில் வியப்பில்லை. முளைக்க ஐந்து நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்வத்துக்குச் செய்து பார்க்கலாம். அதை நம்பி மருந்து போடக் கூடாது.

இப்போது ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது?

முதல் பருவம் திரும்புவதற்குள் விடை பெற்றுவிட வேண்டும் என்ற பக்கம். இரண்டு வழிகள் குறிப்பிடத்தக்கவை. கரு சுரக்கும் இன்டர்பெரான் டாவின் தாக்கத்தால் தாயின் வெள்ளணுக்களில் சில மரபணுக்கள் 18 முதல் 20ஆம் நாளில் விழித்துக்கொள்கின்றன; அவற்றை இரத்தத்தில் அளக்கலாம். இதற்கு இடையூறு, வைரஸ் தொற்று வந்தாலும் அதே மரபணுக்கள் விழிப்பதுதான். கிடேரிகளில் தெளிவாக வரும் வேறுபாடு, கறவை மாடுகளில் மங்கலாகவே வருகிறது. இன்னொன்று, டாப்ளர் ஸ்கேனில் மஞ்சள் கட்டியின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. 20ஆம் நாளை ஒட்டி ஓட்டம் நின்றுவிட்டிருந்தால் அந்த மாடு வெறுமை. சினை மாட்டைத் தவறாக வெறுமை எனும் பிழை இதில் மிக அரிது. இரண்டில் இதுவே களத்துக்கு முதலில் வந்து சேரும் என்பது என் கணிப்பு.

இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டியது பருவ ஒருங்கிணைப்பு. பர்ஸ்லி குழுவினர் 1995இல் வெளியிட்ட முறையில், ஹார்மோன் ஊசிகளை நாள் குறித்துப் போட்டு, பருவக் குறியைப் பார்க்காமலே குறித்த நேரத்தில் கருவூட்டலாம். அதை மறுமுறை தொடங்கும் நாளையும் சினை பார்க்கும் நாளையும் ஒன்றாக இணைத்தால், வெறுமை என்று தெரிந்த அன்றே அடுத்த கருவூட்டலுக்கான வேலை தொடங்கிவிடும்.

பரிசோதனைக்கு ஆள் வருமுன் என்ன குறித்து வைக்க வேண்டும்?

கடைசியாக ஈன்ற தேதி, ஊசி போட்ட எல்லாத் தேதிகள், இடையில் பருவக் குறியோ வளும்போ (பிறப்புறுப்பிலிருந்து வழியும் சளி போன்ற நீர்மம்) கண்ட நாள், கடைசி இரண்டு மாதத்தில் போட்ட ஹார்மோன் ஊசிகள், காளையோடு சேர்ந்து மேய வாய்ப்பிருந்ததா என்பது. கடைசியாகச் சொன்னதை மறைப்பவர்கள் உண்டு. 40 நாள் என்று சொன்ன மாட்டில் கை விட்டவருக்கு மூன்று மாதக் கன்று தட்டுப்பட்டால், யார் சொன்னது பிழை என்ற வாக்குவாதம் அரை மணி நேரம் ஓடும். அதற்குள் அடுத்த இரண்டு மாடுகளைப் பார்த்து முடித்திருக்கலாம்.